ஆட்டோகேட்ல வட்டத்தோட சைஸ மாத்த எது நல்ல வழி: கிரிப்பா, ஸ்கேலா, ப்ராபர்ட்டீஸா, கன்ஸ்ட்ரெயின்ட்டா?

ஒரு ஃபிளேஞ்ச் (பைப்புகள போல்ட் போட்டு சேக்குற வட்டத் தட்டு) டிராயிங் எடுத்துக்குவோம். பிசிடி, அதாவது ஹோல் சென்டர் எல்லாம் உக்காந்திருக்குற வட்டத்தோட டயா, 120, அதுல 8 ஹோல், எம்8 (8 எம்எம்) போல்ட்டுக்காக 9 எம்எம் டயா போட்டிருக்கு. இப்ப போல்ட்ட எம்10-னு மாத்திட்டாங்க, அதனால எட்டு ஹோலும் 11 ஆகணும். ஆட்டோகேட்ல இதுக்கு ஏகப்பட்ட வழி இருக்கு, எந்த வழியில போனாலும் வட்டம் பெருசாகும்ங்கறது சரிதான், ஆனா சென்டர் இருந்த இடத்துலயே நிக்குதா, டைமென்ஷன் கூடவே மாறுதா, பக்கத்துல தொட்டுட்டு இருக்குற லைன் என்ன ஆகுது, இத வச்சுதான் நான் எந்த வழினு முடிவு பண்ணுவேன்.

முதல்ல எல்லாரும் கை வைக்கிறது கிரிப். வட்டத்த கிளிக் பண்ணா நடுவுல ஒண்ணு, சுத்தி நாலுனு அஞ்சு நீலக் கட்டம் வரும், நடுவுல இருக்குறத இழுத்தா வட்டம் நகரும், ஓரத்துல இருக்குற நாலுல ஏதாவது ஒண்ண புடிச்சா சைஸ் மாறும். ஓரத்து கிரிப்ப கிளிக் பண்ணிட்டு நம்பர் அடிக்கும்போது அந்த தூரம் சென்டர்ல இருந்துதான் கணக்கு, அதாவது நீங்க அடிக்கிறது ரேடியஸ், அதனால 11 டயா வேணும்னா 5.5 அடிக்கணும், 11-னு அடிச்சா 22 டயா வந்து நிக்கும். ஒரு வட்டம், ரெண்டு வட்டம்னா இத விட வேகமான வழி கிடையாது. நம்பர் அடிக்காம கண்ணால பாத்து இழுத்து விடுறது மட்டும் வேண்டாம், 10.8736-னு ஒரு ஹோல் டிராயிங்ல போய் உக்காந்துக்கும்.

ஸ்கேல் கமாண்ட் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இந்த வேலைக்கு நிறைய பேர் முதல்ல போறதே இதுக்குத்தான். ஒரு வட்டத்துக்குனா பரவாயில்ல, பேஸ் பாயின்ட்டா அதோட சென்டர குடுத்து, ஆர் அடிச்சு ரெஃபரன்ஸ் ஆப்ஷன்ல 9, அப்புறம் 11-னு குடுத்தா கரெக்டா வரும். ரெஃபரன்ஸ் இல்லாம கால்குலேட்டர்ல 11-ஐ 9-ஆல வகுத்து 1.22-னு அடிச்சீங்கன்னா 10.98 தான் வரும், அது 11 இல்ல. சிக்கல் வர்றது எட்டையும் சேத்து செலக்ட் பண்ணும்போது. ஸ்கேலுக்கு ஒரே ஒரு பேஸ் பாயின்ட் தான், அதுக்கு ஃபிளேஞ்ச் சென்டர குடுத்தீங்கன்னா ஹோல் 11 ஆகும், கூடவே பிசிடியும் 120-லருந்து 146.67-க்கு ஓடிடும். ஹோல் எல்லாம் அழகா சமமா விரிஞ்சு நிக்கறதால பாக்குறதுக்கு தப்பே தெரியாது, அதுதான் இதுல பயமே. அதனால நிறைய வட்டத்துக்கு ஸ்கேல தொடவே தொடாதீங்கன்னுதான் சொல்லுவேன். டிராயிங்க மொத்தமா இன்ச்சுலருந்து எம்எம்முக்கு கொண்டு வரணும்னா அப்ப ஸ்கேல் சரியான ஆளு, அங்க எல்லாமே சேந்து விரியத்தான் வேணும்.

ஆஃப்செட்ல எரேஸ் ஆப்ஷன ஆன் பண்ணிட்டு 1 எம்எம் வெளிய போட்டா 9 வந்து 11 ஆகிடும், சென்டரும் நகராது, ஆனா ஒவ்வொண்ணா கிளிக் பண்ணிட்டே இருக்கணும். பழைய சேஞ்ச் கமாண்டும் இப்படித்தான், ஒவ்வொரு வட்டத்துக்கும் புது ரேடியஸ் கேக்கும். ஸ்ட்ரெச் வட்டத்தோட சைஸ மாத்தவே மாத்தாது, சென்டர் விண்டோவுக்குள்ள மாட்டுனா நகர்த்தும், அவ்ளோதான்.

இந்த ஃபிளேஞ்ச் வேலைக்கு என் ஓட்டு ப்ராபர்ட்டீஸ் பேலட்டுக்கு. எட்டையும் செலக்ட் பண்ணி, கண்ட்ரோல் 1 அமுக்கி, டயாமீட்டர்ல 11 அடிச்சா எட்டும் அதது சென்டர்லயே நின்னு மாறிடும், பிசிடி 120 அப்படியே இருக்கும். டிராயிங் முழுக்க 9 எம்எம் ஹோல் சிதறிக் கிடந்தா கியூசெலக்ட்ல (நிபந்தனை குடுத்து செலக்ட் பண்ற கமாண்ட்) ஆப்ஜெக்ட் டைப் சர்க்கிள், டயாமீட்டர் ஈக்வல்ஸ் 9-னு குடுத்து புடிச்சிடலாம். செலக்ட் சிமிலர் இதுக்கு ஆகாது, அது லேயர், கலர் மாதிரி விஷயத்ததான் பாக்கும், சைஸ பாக்காது, 6 எம்எம் ஹோலையும் சேத்து அள்ளிட்டு வந்துரும். வெளியில இருந்து வந்த ஃபைல்ல டயா 9.00000012-னு இருந்தா ஈக்வல்ஸ்ல சிக்காது, அப்ப 8.9-க்கு மேலனு ஒரு தடவ எடுத்துட்டு, அந்த செலக்ஷனுக்குள்ளயே 9.1-க்கு கீழனு இன்னொரு தடவ வடிகட்டணும். இந்த பேலட்ல சுற்றளவு, ஏரியா கட்டமும் எடிட் பண்ற மாதிரி இருக்கறது பலருக்கு தெரியறதில்ல. 100 எம்எம் பைப் ரெண்டுக்கு சமமான ஏரியா உள்ள ஒரே பைப் வேணும்னா ஏரியாவுல 15707.96 அடிங்க, டயா 141.42-னு தானா வந்துரும்.

கன்ஸ்ட்ரெயின்ட் வேற ரகம், இந்த சைஸ் இவ்ளோ, இது அதோட ஒட்டியே இருக்கணும்னு டிராயிங்குக்கே விதி போட்டு வைக்கிறது. 1963-லயே எம்ஐடில ஐவன் சதர்லேண்ட் பண்ண ஸ்கெட்ச்பேட்ல இந்த யோசனை இருந்துச்சு, ஆட்டோகேட்டுக்கு 2010 வெர்ஷன்லதான் வந்து சேந்துச்சு. ஒரு ஹோலுக்கு டயாமீட்டர் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, மத்த ஏழையும் ஈக்வல்ல கோத்துட்டா அப்புறம் ஒரு நம்பர மாத்துனா போதும். இதோட நிஜமான பலம் பெல்ட், புல்லி மாதிரி டிராயிங்ல தெரியும், கிரிப்ல புல்லிய பெருசு பண்ணா பெல்ட் லைன் பழைய எடத்துலயே நின்னு வட்டத்த வெட்டிட்டு போகும், டேன்ஜென்ட் (லைன் வட்டத்த தொட்டுட்டே இருக்கணும்ங்கற விதி) போட்டிருந்தா லைனும் கூடவே நகரும். ஆனா போட்டு முடிக்க நேரம் புடிக்கும், இன்னொருத்தர் ஃபைல்ல எது எதோட கட்டியிருக்குனு தெரியாம மாத்துனா எதிர்பாக்காத எடத்துல இழுக்கும், ஆட்டோகேட்டோட விலை கம்மியான எல்டி வெர்ஷன் வச்சிருக்கறவங்க புதுசா போடவே முடியாது, இருக்கறத எடிட் மட்டும் பண்ணலாம். கஸ்டமர் இன்னும் நாலு தடவ மாத்துவாருனு தெரிஞ்சா மட்டும் இதுல உழைங்க. காசு குடுக்காம இந்த வழி வேணும்னா ஃப்ரீகேட் தாராளமா போதும், அதோட ஹோல் டூல்ல எம்10-னு எடுத்தாலே போல்ட் தாராளமா நுழையற கிளியரன்ஸ் டயாவ அதுவே போட்டுக்கும்.

சில சமயம் வட்டம் மாதிரி தெரியறது வட்டமாவே இருக்காது, பிடிஎஃப்ல இருந்தோ வேற சாஃப்ட்வேர்ல இருந்தோ வந்தா பாலிலைனா (துண்டு துண்டா சேத்த ஒரே கோடா) இருக்கும், பேலட்ல டயாமீட்டர் கட்டமே வராது. அதோட மல்லு கட்டாதீங்க, மேலயே 3 பாயின்ட் சர்க்கிள் போட்டுட்டு பழசத் தூக்கிடுங்க. ஒரே ஆர்க்கா இருந்தா ஜாயின்ல க்ளோஸ் ஆப்ஷன் குடுத்தா முழு வட்டமாகிடும்.

எந்த வழியில மாத்தினாலும் டைமென்ஷன ஒரு தடவ தொட்டுப் பாருங்க. அசோசியேட்டிவா, அதாவது வட்டத்தோட இணைஞ்சதா இருந்தா தானா 11 ஆகியிருக்கும், முன்னாடி யாராவது கையால 9-னு டைப் பண்ணி வச்சிருந்தா ஹோல் 11 ஆன பிறகும் பேப்பர்ல 9 தான் பிரின்ட் ஆகும், ஷாப் ஃப்ளோர்ல அந்த 9-ஐ பாத்துதான் டிரில் போடுவாங்க. டெக்ஸ்ட அழிச்சிட்டு <> அடிச்சா நிஜ அளவு திரும்ப வந்துரும்.