விடுமுறைக்கு வாசிப்பா, புராஜெக்டா?

சிபிஎஸ்இ பிளஸ் டூ ஆங்கிலத்துக்குக் கோடை விடுமுறை வேலை பெரும்பாலும் இரண்டு விதம். ஒரு நாவலை வாசித்துக் குறிப்பு எழுதி வா என்பது ஒன்று, ஒரு தலைப்பில் புராஜெக்ட் ஃபைல் செய்து வா என்பது இன்னொன்று.

மதிப்பெண் என்று பார்த்தால் புராஜெக்ட்தான் முந்துகிறது. எழுத்துத் தேர்வு 80, உள்மதிப்பீடு 20. அந்த 20-இல் 10 புராஜெக்டுக்கு, மீதி கேட்டலுக்கும் பேசுதலுக்கும் தலா 5. ஆனால் நடப்பதைப் பாருங்கள்: இணையத்தில் அள்ளிய நாலு பத்தி, கலர் பிரிண்ட் படங்கள், ஜிகினா ஒட்டிய அட்டை, கடையில் போட்ட ஸ்பைரல் பைண்டிங், பாதி வேலை அம்மா கையில். வைவாவில் "இந்தத் தலைப்பை ஏன் எடுத்தாய்?" என்றால் பிள்ளைக்குப் பதில் வராது. அதுவே தாத்தா, தெருமுனைக் கடைக்காரர் என்று நாலு பேரைப் பேட்டி கண்டு, அவர்கள் தமிழில் சொன்னதைத் தானே ஆங்கிலத்தில் எழுதினால், அந்த ஃபைல் உண்மையாகவே மொழியைக் கற்றுக்கொடுத்துவிடும்.

வாசிப்புக்கு நேரடி மதிப்பெண் இல்லை, சரி. கதைச்சுருக்கத்தை நெட்டில் பார்த்தும் எழுதிவிடலாம். அதனால் சுருக்கமே கேட்கக் கூடாது, பக்க ஓரத்தில் பென்சிலால் "இவன் ஏன் பொய் சொல்கிறான்?" என்று பிள்ளை கிறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள், போதும். தேர்வில் பாடத்தில் இல்லாத புதுப் பத்தி வந்து நிற்கும்போது கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான்.

ஒன்றுதான் என்றால், பத்தாம் வகுப்பு வரை வாசிப்பு, பிளஸ் டூவுக்குப் பேட்டி புராஜெக்ட் என்பேன். அப்புறம், நாவல் தடிமனாக வேண்டாம். அதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.