"தேக்கு செட்" என்று லொறியில் ஏறி வருவது: மலையகத்தில் புதுவீட்டுக்குத் தளபாடம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சம்பளம் போடும் 10ஆம் திகதியையும் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வரும் கிழமையையும் கணக்குப் பண்ணித் தோட்டத்து ரோட்டில் ஏறுகிற தளபாட லொறிகளைப் பற்றிய எச்சரிக்கை இது. லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் கட்டின 550 சதுர அடி வீட்டுக்குப் புதிதாகக் குடிபோகிறவர்கள்தான் இவர்களுக்கு முதல் குறி. வீடு வெறுமையாகக் கிடக்கும், காசு ஒரே தடவையில் கையில் இருக்கும், டவுனுக்குப் போய் நாலு கடை ஏறி இறங்க லீவு இருக்காது. வாசலுக்கே கொண்டுவந்து இறக்குகிறோம் என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது?

ஹட்டன் பக்கம் இப்படி இறக்கிய ஒரு செட்டைப் பிரித்துப் பார்த்ததில் கண்டதைச் சொன்னால் மற்றது விளங்கும். கட்டில், மூன்று கதவு அல்மாரி, ட்ரெசிங் டேபிள். "மொரட்டுவ தேக்கு" என்று விற்றது. கதவின் சட்டம் மட்டும் பலகை, அதுவும் சாயம் ஏற்றிய அல்பீசியா என்கிற மெதுமரம். கதவின் நடுப்பகுதி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த அட்டை) மேல் ஒட்டிய வெனியர், அதாவது மெல்லிய மரத்தோல். பக்கப் பலகை 16 மில்லிமீற்றர் சிப்போர்ட், அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினது. முதுகுப் பக்கம் 3 மில்லிமீற்றர் தட்டு, அதுவும் ஸ்டேப்பிள் அடித்தது. கட்டில் கால் மருந்து ஏற்றாத ரப்பர் மரம். தேக்கு என்று சொல்ல ஒரு சிராய் கூட இல்லை. தளபாடத்துக்குப் பேர்போன மொரட்டுவையில் கை சுத்தமான தச்சு பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெயர் சம்பந்தமில்லாத லொறியில் எல்லாம் தொங்குகிறது, அவ்வளவுதான்.

மேற்கு மலைப்பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியில் அடைமழை. காய்ந்த கடைக்குள் பளபளவென்று நின்ற சிப்போர்ட், ஈரக் காற்றையும் சீமெந்துத் தரையின் ஈரத்தையும் வெட்டு முனை வழியாக உறிஞ்சி ஊதும். ஊதினது பிறகு காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, ஆணி பிடிக்காது, கீல் கழன்று கதவு தொங்கும். ரப்பர் மரத்துக்கு வேறு வியாதி: அதில் மாச்சத்து அதிகம் என்பதால் போரன் மருந்து ஏற்றாவிட்டால் உளு (மரத்தைத் துளைக்கும் வண்டு) விழும். குண்டூசி முனை அளவு ஓட்டையும் கட்டிலடியில் மா மாதிரித் தூளும் கண்டால் அது உளுதான். மருந்து ஏற்றி, காயவைத்த ரப்பர் மரம் மோசமில்லை. விலைக்கு நல்ல சாமான் என்றே சொல்லலாம். தேக்கு என்று சொல்லித் தேக்கு விலைக்கு விற்பதுதான் களவு.

ஆகவே முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பொலிஷ் எல்லாவற்றையும் மறைக்கும். லாச்சியை முழுதாக வெளியே இழுத்துப் பின்பக்கமும் அடிப்பக்கமும் பாருங்கள். அங்கே யாரும் சாயம் பூசி நேரத்தை வீணாக்குவதில்லை. கதவின் மேல் முனையைத் தடவிப் பாருங்கள். பலகையானால் முனையில் மரத்தின் வளையக் கோடு தெரியும், முகப்பில் ஓடும் ரேகை அந்த முனையோடு பொருந்தும். எம்டிஎஃப் அட்டை மாதிரி ஒரே சீராக இருக்கும், சிப்போர்ட்டில் தூள் தூளாகத் தெரியும். ஒரு துண்டு மணல்தாள் கொண்டுபோய், விற்கிறவரிடம் கேட்டுக்கொண்டு, அடியில் மறைவான இடத்தில் நாலு இழுப்பு இழுங்கள். தேக்கு என்றால் உள்ளேயும் தேன் நிறமாக இருக்கும், கைக்கு எண்ணெய்ப் பிசுக்குத் தட்டும், தோல் வாசம் மாதிரி ஒன்று வரும். வெள்ளையாக வந்தால் மேலே இருந்தது சாயம். "தேய்க்க விடமாட்டோம்" என்கிற வியாபாரியோடு வாக்குவாதம் வேண்டாம், அவர் பதில் சொல்லிவிட்டார்.

நல்ல மரமாக இருந்தும் பச்சை மரமானால் பயனில்லை. காயும்போது சுருங்கிப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் விரல் நுழையும். ஓடர் கொடுத்துச் செய்விக்கிறவர்கள் ஈரமானி வைத்துக் காட்டச் சொல்லலாம், 12 முதல் 15 சதவீதம் என்றால் நம் பக்கத்துக்குச் சரி. மழைக்காலத்தில் மரம் கொஞ்சம் ஊதத்தான் செய்யும், லாச்சியின் இருபக்கமும் 2 மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

மெத்தையில்தான் இன்னும் சுத்தமாக ஏமாற்றுகிறார்கள், ஏனென்றால் துணியைக் கிழித்துப் பார்க்க முடியாது. ஆனால் நிறுக்க முடியும். 72க்கு 60 அங்குலம், 6 அங்குலத் தடிப்பு மெத்தையில் ஸ்பொஞ்சின் கொள்ளளவு ஏறத்தாழ 0.42 கனமீற்றர். பெரியவர்கள் தினமும் படுக்க கனமீற்றருக்கு 28 கிலோவுக்குக் குறையாத ஸ்பொஞ்ச் வேண்டும், அப்படியானால் உறை இல்லாமலே 12 கிலோவுக்குக் கிட்ட வரவேண்டும். 7 கிலோ நின்றால் அது கதிரை முதுகுக்குப் போடுகிற 16, 17 கிலோ ரகம். சில மாதத்தில் நடுவில் குழி விழும். இந்தக் கணக்குத் தெரிந்தவர்களையும் மடக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஸ்பொஞ்ச் செய்யும்போதே சுண்ணாம்புத் தூள் கலந்து பாரம் ஏற்றுவது. மெத்தை உறையின் ஸிப்பைத் திறந்து ஸ்பொஞ்சின் ஓரத்தைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேயுங்கள், வெள்ளை படிந்தால் வேண்டாம். முழங்காலால் நன்றாக அமுக்கி விடுங்கள், தடம் உடனே எழும்ப வேண்டும். பல நிறத் துணுக்குகளை ஒட்டிச் செய்த மெத்தை பாரமாகவும் கெட்டியாகவும் இருக்கும். அதை அதன் பெயர் சொல்லி அதன் விலைக்கு விற்றால் குற்றமில்லை.

இரும்பு அல்மாரிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கதவின் நடுவில் பெருவிரலால் அமுக்க "டக்" என்று உள்ளே போய் வந்தால் தகடு மெல்லிசு. அடித்தட்டில் வெல்டிங் வைத்த இடத்தில் பெயின்ட் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

எந்த அல்மாரியானாலும் ஈரம் காயாத புதுச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 3 அங்குலம் தள்ளி, 2 அங்குலக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். சுவருக்குச் சீமெந்துப் பூச்சு முடிந்து 28 நாளாவது போகாமல் பெயின்ட் அடிக்கவும் கூடாது, பனி மூட்டத்தில் அதுவும் போதாமல் போகலாம். ஒன்றரை அடிச் சதுர பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்கச் சுவரில் விடுங்கள். காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் பெயின்ட் பாஸை இன்னும் இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லுங்கள். அவர் அளவையும் நீங்களே போடுங்கள்: 10க்கு 10 அறை, 9 அடி உயரம் என்றால் கதவு, யன்னல் கழித்துச் சுவர் 320 சதுர அடி. ஒரு லீற்றர் இமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி பிடிக்கும், இரண்டு பூச்சுக்கு 6 லீற்றருக்கு மேல் போகும். 4 லீற்றர் வாளி ஒன்றில் முடிக்கிறேன் என்கிறவர் மிச்சத்துக்குத் தண்ணீர்தான் ஊற்றப் போகிறார்.

இனித் தவணைக் கணக்கு. உதாரணத்துக்கு, கைக்காசு விலை 85,000 ரூபா. முன்பணம் 20,000, மாதம் 7,500 வீதம் 12 மாதம் என்று எழுதித் தருவார்கள். மொத்தம் 110,000. "வெறும் 25,000தானே கூட" என்பது அவர்கள் பேச்சு. நீங்கள் கடன்பட்டது 65,000தான், அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்து வரும் கடனுக்குப் போட்டுப் பார்த்தால் வருட வட்டி 60 சதவீதத்தைத் தாண்டும். இந்த வட்டி கட்டிச் சோபா செட் வாங்குவதைவிட, ஒரு வருடம் பாயிலும் பிளாஸ்டிக் கதிரையிலும் விருந்தாளியை உட்காரவைப்பது எவ்வளவோ மேல். முதலில் மெத்தை, பிறகு சமையலறைத் தட்டு, பிறகு அல்மாரி. அதற்கும் பழைய பலா அல்மாரி ஒன்று அகப்பட்டால், புதுச் சிப்போர்ட் விலையில் பாதி கொடுத்தாலும் பேரன் காலம் வரை நிற்கும்.

கெட்டலொக்கைக் காட்டி அட்வான்ஸ் மட்டும் வாங்கிப் போகிற கூட்டமும் இருக்கிறது. ரசீதில் தொலைபேசி நம்பர் மட்டும் இருந்தால் அது ரசீது இல்லை. கடை விலாசம், வியாபாரப் பதிவு இலக்கம், மரத்தின் பெயர், எந்தப் பகுதி பலகை எந்தப் பகுதி போர்ட், மெத்தையின் அடர்த்தி, கொடுத்த காசு, மிச்சக் காசு, இறக்கும் திகதி, லொறிக் கூலி யாருடையது என்பது வரை எழுத வேண்டும். லொறிக் கூலியை எழுதாவிட்டால் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு "மேலே ஏறாது" என்பார்கள், பிறகு சுமைக்கூலி உங்கள் தலையில்.

இருட்டினபிறகு கொண்டுவந்தால் இறக்க விடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் லொறி நிற்கும்போதே லாச்சி, கதவு, முதுகுத் தட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, குறை இருந்தால் அவர்கள் பிரதியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின்னும் சரிக்கட்டாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்கள் அலுவலகத்தில் எழுத்திலும் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை, சாமான் வாங்கின நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த மாதம் வந்து மாற்றித் தருகிறோம்" என்று இழுத்தடிப்பது அந்த 3 மாதத்தைக் கடத்தத்தான். முறைப்பாட்டோடு ரசீதின் போட்டோப் பிரதியைக் கொடுங்கள், அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.