ஹெண்டனில் நிற்கும் கான்பூர் வண்டி

லண்டன் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கிங்ஸ்பரியில் இருக்கிறோம். ஹெண்டனில் இருக்கும் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். பையன் சின்னவனாக இருந்தபோது எத்தனையோ முறை போயிருக்கிறேன். மழை வந்தால் தலைக்கு மேல் கூரை, ஓடி விளையாட இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு தாய்க்கு வேறு என்ன வேண்டும்? விமானங்களைப் பார்த்தாயா என்று கேட்டால், இல்லை. பையன் ஓடுகிற திசையைத்தான் பார்த்தேன்.

போன கோடையில் மாமா வந்தார். என் மாமனார். பெங்களூர் அல்சூர்க்காரர், ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஷீட் மெட்டல் ஷாப்பில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். அந்தத் தாத்தா விமானத் தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடித்து அடித்துக் காது மந்தமாகி, வீட்டில் எல்லோரும் அவருக்குக் கேட்கும்படி கத்திப் பேசிப் பழகிவிட்டார்கள். அவர் போய் இருபது வருடமாகியும் எங்கள் மாமியார் வீட்டில் "உப்பு எடு" என்றால்கூடத் தெருமுனை வரை கேட்கும். கல்யாணமான புதிதில் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து நான் ரூமுக்குள் போய்விடுவேன்.

வந்த மூன்றாம் நாளே மாமா கேட்டார்: "இங்க ஹெண்டன்னு ஒரு இடம் இருக்காம்மா? எங்கப்பா வேலை பார்த்த வண்டி ஒண்ணு அங்க இருக்குன்னு யூனியன்ல சொல்வாங்க." எனக்குப் புரியவில்லை. வண்டி என்றால் அவருக்கு விமானம். ஹெச்.ஏ.எல். ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று கணவர் சொன்னார். பதினோரு வருடமாகப் போய்வந்த இடத்தை அன்றுதான் நான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

போகிறவர்களுக்கு முதலில் வழி. நார்தர்ன் லைனில் காலிண்டேல் ஸ்டேஷன். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பெரியவர்களுக்கு பஸ் நல்லது. கார் கொண்டுபோனால் பார்க்கிங்குக்குக் காசு, சிமுலேட்டரில் பிள்ளைகள் ஏறினால் அதற்குத் தனிக் காசு. மற்றதெல்லாம் இலவசம். இது பழைய ஹெண்டன் விமான நிலையம் இருந்த இடம். பிரிட்டனின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் 1911 செப்டம்பரில் இங்கிருந்துதான் விண்ட்சருக்குப் பறந்தது. இதை நான் பெருமையாகப் படித்துக் காட்டியதும் மாமா சிரித்தார். "அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அலகாபாத்ல பறந்தாச்சும்மா, பிப்ரவரி 18." இந்த மாதிரி ஆளோடு மியூசியம் போவது ஒரு தனி அனுபவம்.

முதல் ஹேங்கரிலேயே, அதாவது விமானக் கொட்டகையிலேயே, சண்டர்லேண்ட் என்ற பறக்கும் படகு நிற்கிறது. கப்பல் மாதிரி அடிப்பாகம், மேலே இறக்கை. இதற்குள் ஏறிப் போகலாம், அதுதான் விசேஷம். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலுக்கு மேல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றுகிற விமானம், அதனால் உள்ளே படுக்கை உண்டு, சமையலறை உண்டு, கக்கூஸ் உண்டு. அந்தக் குட்டிச் சமையலறையில் பிரைமஸ் அடுப்பு. கீழே அட்லாண்டிக், மேலே மேகம், நடுவில் ஒருத்தர் நின்று முட்டை பொரித்திருக்கிறார். எனக்கு இந்த மியூசியத்தில் மிகவும் பிடித்த ஓர் இடம் இதுதான். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலில் முடித்துவிடுங்கள், மதியம் வரிசை நீண்டுவிடும்.

ஸ்பிட்ஃபயர், சோப்வித் கேமல் மாதிரிப் போர் விமானங்கள், ஹெலிகாப்டர்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லோரும் படம் எடுப்பது அங்கேதான், நான் எழுதுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. மாமாவும் அவற்றைச் சொந்தக்காரர் கல்யாணத்தில் தெரிந்த முகங்களைப் பார்ப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே கடந்துவிட்டார். அவருக்கு குண்டுவீச்சு விமானங்கள் நிற்கும் பாம்பர் ஹாலுக்குப் போக வேண்டும்.

அந்த ஹால் பெரிது, வெளிச்சம் கம்மி. வல்கன் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று இறக்கையை விரித்துக்கொண்டு பாதி இடத்தை அடைத்திருக்கிறது. அதன் பக்கத்தில் லங்காஸ்டர், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு விமானம். மூக்கின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிக் குண்டுகள் வரிசையாக வரைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தாக்குதல் பயணம், மொத்தம் 137. பெரும்பாலான லங்காஸ்டர்கள் அதில் கால்வாசி கூட எட்டவில்லை. எதிரி விமானம் எதுவும் ஜெர்மன் மண்ணுக்கு மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோயரிங் சொன்னதையும் கீழே எழுதி வைத்திருக்கிறார்கள், கிண்டலுக்கு. சிரிப்பு வந்தது. ஆனால் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் மட்டும் செத்தவர்கள் 55,573 பேர் என்று தெரிந்த பிறகு அந்தக் கிண்டலும் அவ்வளவாக இனிக்கவில்லை. கீழே இருந்தவர்கள் கணக்கு தனி.

அப்புறம் ஹாலிஃபாக்ஸ், அதே போரின் இன்னொரு குண்டுவீச்சு விமானம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரலில் நார்வேயில் ஒளிந்திருந்த டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போனது. அடிபட்டு, உறைந்துகிடந்த ஹோக்லிங்கன் ஏரியின் பனிக்கட்டி மேல் வயிற்றால் இறங்கியது. ஆட்கள் பிழைத்தார்கள். கணுக்கால் உடைந்த ஒருவர் பிடிபட்டார், மற்றவர்கள் நடந்தே ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். பனி உருகி விமானம் ஏரிக்குள் போய்விட்டது. 1973ல் முக்குளிப்பவர்கள் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தொரு வருடம் தண்ணீருக்குள் கிடந்த உடம்பு. அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள், பெயின்ட் அடிக்கவில்லை, ஓட்டையை அடைக்கவில்லை. தகடு தின்றுபோய், எலும்புக்கூடு தெரிகிறது.

நான் "ஐயோ, இதைச் சரி பண்ணியிருக்கலாமே" என்றேன். மாமா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தடுப்புக் கம்பிமேல் சாய்ந்து, இறக்கை உடம்போடு சேருகிற இடத்தையே பார்த்தார். "சரி பண்ணா இது வேற வண்டி ஆயிடும்மா. தகடு பூரா மாத்தணும். அப்ப ஏரியில கிடந்தது எது?" என்றார். பழைய விமானங்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலியாம். எவ்வளவு பழைய தகட்டை வைத்துக்கொள்வது, எவ்வளவு புதிதாகப் போடுவது, எந்த வருடத்துக் கோலத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது.

இனி எங்கள் வண்டி. லிபரேட்டர், பி-24 என்ற குண்டுவீச்சு விமானம். எண் கே.என். 751. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி மிச்சிகனில் வில்லோ ரன் என்ற இடத்தில் கட்டிய ஆலையில் பிறந்தது. கார் செய்கிற மாதிரி வரிசையாகத் தள்ளிக்கொண்டே செய்த ஆலை அது. உச்சத்தில் மணிக்கு ஒன்று வெளியே வந்ததாம். 1945ல் பிரிட்டிஷ் படையோடு இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் இருந்தது. போர் முடிந்தது. கடனாக வந்த அமெரிக்கச் சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கான்பூரில் குவிந்த லிபரேட்டர்களை யாரும் இனிப் பறக்கவிடக் கூடாது என்று புல்டோசரால் இடித்து, மீட்டர்களை உடைத்து, எஞ்சினில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

1948ல் சுதந்திர இந்தியாவுக்குக் கனரக குண்டுவீச்சு விமானம் வேண்டும், வாங்கக் காசு இல்லை. அந்தக் குப்பைமேட்டைப் பார்க்க ஹெச்.ஏ.எல். ஆட்கள் போனார்கள். போர்க்காலத்தில் பெங்களூர் ஆலையை அமெரிக்க விமானப்படையே தன் பழுதுபார்க்கும் டிப்போவாக வைத்திருந்தது, அதனால் அமெரிக்க விமானத்தின் உள்ளும் புறமும் அவர்களுக்கு அத்துப்படி. லிபரேட்டரின் எஞ்சினும் டகோட்டா என்ற போக்குவரத்து விமானத்தின் எஞ்சினும் ஒரே குடும்பம் வேறு. ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் போட்டு, பறக்கிற அளவுக்கு மட்டும் ஒப்பேற்றி, ஹெச்.ஏ.எல்.லின் டெஸ்ட் பைலட் ஜாம்ஷெட் முன்ஷி ஒவ்வொன்றாகக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பறக்கிறபோது எது கழன்று விழும் என்று தெரியாத வண்டியில். பெங்களூரில் முழுசாகப் பிரித்து மேய்ந்து புதுசாக்கினார்கள். அப்படி நாற்பதுக்கும் மேல். தாத்தா ரிவெட் அடித்தது அந்த வேலையில்தான்.

அதற்கப்புறம் 1968 வரை இந்திய விமானப்படையில் ஓடின. 1974ல் இந்தியா இந்த வண்டியை மியூசியத்துக்குப் பரிசாகக் கொடுத்தது. பெட்டியில் போட்டுக் கப்பலில் ஏற்றவில்லை, இங்கிலாந்து வரை பறந்தே வந்தது! உலகத்தில் மிஞ்சியிருக்கிற கொஞ்சம் லிபரேட்டர்களில் அரிசோனாவில் இருப்பதும் ஒட்டாவாவில் இருப்பதும்கூட இந்தியாவிலிருந்து போனவைதான். அதாவது, அமெரிக்கா பதினெட்டாயிரத்துக்கு மேல் செய்து அழித்துத் தள்ளியதில் சிலதாவது மிச்சம் இருப்பதற்கு ஒரு காரணம், நமக்குப் புதுசு வாங்க வக்கில்லாமல் போனது.

மாமா என்னைக் கீழே குனியச் சொன்னார். லிபரேட்டரின் வயிறு தரைக்கு ரொம்பப் பக்கம். மற்ற விமானங்களில் குண்டு அறைக் கதவு கீழே தொங்குகிற மாதிரி திறக்கும். இதில் பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறும், அச்சு அசல் கடை ஷட்டர் மாதிரி. "இத இழுத்து இழுத்துப் பார்ப்போம்னு எங்கப்பா சொல்வாரு. சிக்கிக்கும். எண்ணெய் விட்டா மண்ணு ஒட்டிக்கும்." பிறகு ரிவெட்டைக் காட்டினார். ஒருத்தர் வெளியே நின்று ரிவெட் துப்பாக்கியால் அடிக்க, இன்னொருத்தர் உள்ளே இரும்புக் கட்டியைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு டாலி பிடிக்கிறது என்று பெயர். உள்ளே பிடிப்பவனுக்குத்தான் காது போகும். தாத்தா ஒல்லி, சந்தில் நுழைவார் என்று அவரையே உள்ளே அனுப்பினார்களாம். இத்தனை வருடம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்பதற்கான காரணம், ஹெண்டனில் ஒரு தகரக் குழாய் மாதிரி என் முன்னால் நின்றது.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. விமானத்தில் இருப்பது 1945ல் கிழக்கே போரிட்டபோது போட்டிருந்த பிரிட்டிஷ் அடையாள வட்டம், நடுவில் சிவப்பு இல்லாத நீல வட்டம். சிவப்பைப் பார்த்தால் ஜப்பான்காரன் என்று நம்மாளே சுட்டுவிடுவான் என்று எடுத்துவிட்டார்களாம். பிரிட்டிஷாரிடம் இந்த விமானம் இருந்தது சில மாதம். நம்மிடம் இருபது வருடம். நம்முடைய காவி, வெள்ளை, பச்சை வட்டத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். மாமாவிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்க மியூசியம், அவங்க பெயின்ட். தகடு நம்மளுது" என்றார். இது எனக்குப் போதவில்லை, ஆனாலும் அவர் வேலை பார்த்த ஆள், நான் வேடிக்கை பார்த்த ஆள்.

டெம்பெஸ்ட் என்ற பழைய இந்தியப் போர் விமானம் ஒன்றும் இந்த மியூசியத்தின் வசம் இருக்கிறது. ஆனால் இங்கே விமானங்களை அவ்வப்போது ஹால் மாற்றுவார்கள், காஸ்ஃபோர்டில் இருக்கும் இன்னொரு கிளைக்கும் அனுப்புவார்கள். குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்கவென்றே போகிறவர்கள் முன்னாலேயே இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முழு நாள் வேண்டும். குளிர்காலத்தில் ஹேங்கருக்குள்ளும் கோட்டைக் கழற்ற முடியாது. சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோவது உத்தமம்; நாங்கள் வெளியே புல்வெளியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் ஒரு ஹேங்கருக்கும் இன்னொரு ஹேங்கருக்கும் நடுவில் நிறைய நடை என்பதை மனதில் வையுங்கள். மாமாவுக்கு முட்டி வலி. அன்றைக்கு மட்டும் வலிக்கவில்லை.

மூடுகிற நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் திரும்பிப் போனார். போய்ப் பார்த்தால் லிபரேட்டரின் வால்பக்கம் நின்று வீடியோ காலில் கத்திக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் அல்சூரில் அவருடைய பழைய ஷாப் நண்பர், அங்கே ராத்திரி பத்துக்கு மேல். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் ஏதோ தகராறு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

"டேய், கான்பூர் வண்டிடா! பார்த்தியா?"

"தெரியுது தெரியுது. ஓடுதா?"

"ஓடல. ஆனா தகட்டுல ஒரு அரிப்பு இல்லடா, சுத்தமா இருக்கு. ஒரு வரிசை மட்டும் ரிவெட்டு கோணலா இருக்கு."

"உங்கப்பா அடிச்சதா?"

"சீ. உங்கப்பாவா இருக்கும்."