லித்தியமா, வால்ப்ரோயேட்டா?

மனம் ஒரேயடியாகப் பொங்குவதும் ஒரேயடியாகச் சோர்ந்துபோவதுமாக மாறும் பைபோலார் நோய்க்கு எழுதித் தரும் மாத்திரைகளில் இந்த இரண்டும் நெடுநாள் போட்டியாளர்கள். லித்தியம் மேனியாவை, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் பொங்கும் நிலையை, அடக்குகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதியது 1949-இல். வால்ப்ரோயேட் வலிப்பு மருந்தாக வந்தது; மேனியாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1995 ஆயிற்று.

தூக்கமே இல்லாமல், பேச்சு ஓயாமல், இருக்கிற காசையெல்லாம் வாரி இறைக்கும் நிலையில் இருப்பவரைச் சீக்கிரம் தணிக்க வால்ப்ரோயேட் கைகொடுக்கும். தொடக்கத்திலேயே உடல் எடைக்கேற்பப் பெரிய அளவில் கொடுக்க முடியும். லித்தியம் வேலையைக் காட்ட ஒரு வாரமாவது ஆகும். ஆனால் நோய் திரும்பாமல் காப்பதில் அதுதான் முந்துகிறது. 330 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான 'பேலன்ஸ்' ஆய்வும் அதையே காட்டியது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் லித்தியத்துக்கே சான்று வலுவாக இருக்கிறது.

அப்புறம் ஏன் தயங்குகிறார்கள்? ரத்தத்தில் லித்தியத்தின் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6-க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையில் நிற்க வேண்டும்; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, அதுவும் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. உடலில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்திரி வெயில், வயிற்றுப்போக்கு, பிரஷருக்காகத் திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாமே ஆபத்து. மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன், சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். தாகம், லேசான கை நடுக்கம் வழக்கமானவை. நடுக்கம் பெரிதாகி, வாந்தி, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் தைராய்டையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வால்ப்ரோயேட்டில் இந்தக் கெடுபிடி குறைவு. எடை கூடும், முடி கொட்டும். அரிதாகக் கல்லீரலும் கணையமும் பாதிக்கப்படும். இந்த வசதிக்காகவே இளம்பெண்களுக்கும் அதை எழுதிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கர்ப்பத்தில் இதை எடுத்தால் ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு. பத்தில் 3 முதல் 4 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல் போன்றவற்றில் வளர்ச்சிக் குறைபாடு. ஃபோலிக் ஆசிட் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி இருக்கவும் முடியாது. 2018 முதல் பிரிட்டனில் கருத்தடை ஏற்பாடு உறுதியாகாமல், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு இதைத் தருவதில்லை. லித்தியத்திலும் குழந்தையின் இதயத்துக்குச் சிறு அபாயம் உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

சிறுநீரகம் பழுதானவருக்கும், ரத்தப் பரிசோதனைக்கு வரவே வழியில்லாதவருக்கும் வால்ப்ரோயேட் சரி. மற்றவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு, நான் லித்தியத்தின் பக்கம்தான். சிலருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.

எதையும் தானாகச் சட்டென நிறுத்தக் கூடாது. லித்தியத்தை அப்படி விட்டவர்களுக்குச் சில மாதங்களிலேயே மேனியா திரும்பும் வாய்ப்பு அதிகம். வால்ப்ரோயேட் சாப்பிடும்போது நாள் தள்ளிப்போனால், அன்றே டாக்டரைப் பார்த்து மாற்று மருந்து பற்றிப் பேசிவிட வேண்டும்.