கார் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர்: கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா?

நாகர்கோவிலில் காருக்குச் செட்டு மாட்டும் எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது வாட்ஸ் கணக்குதான். ஆம்ப்ளிஃபயர் அட்டைப்பெட்டியில் 2000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். 4 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) ஸ்பீக்கருக்கு, ஒரு சேனலில், அதாவது ஒரு ஸ்பீக்கர் இணைப்பில், எத்தனை வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் சக்தி) என்று பொடி எழுத்தில் இருப்பதுதான் சரக்கு. கார் ஆம்ப்ளிஃபயர்களுக்கான சிஇஏ-2006 என்ற அளவு முறைப்படி, அதாவது 14.4 வோல்ட்டில், 1 சதவீதத்துக்கு மேல் சிதையாமல் அளந்தது என்றிருந்தால் நம்பி வாங்கலாம்.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே ஓட்டலாமா? ஸ்டீரியோவில் 50 வாட்ஸ் x 4 என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து வருவது 15 முதல் 20 வாட்ஸ்தான். வடசேரிக்கும் செட்டிகுளத்துக்கும் போய்வர அது தாராளம். மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை வரை லாரி இரைச்சலுக்கு நடுவே கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினால்தான் கரகரக்கும்.

அப்போது தேவை நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்எம்எஸ். 60க்கு ஆசைப்பட்டு அதிகம் கொடுக்காதீர்கள். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலே கூடுவது 3 டெசிபல்தான். 50க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

இனி சண்டை கிளாஸ் ஏபிக்கும் கிளாஸ் டிக்கும், ஆம்ப்ளிஃபயரின் உள்சுற்று வகைகள் இவை. ஏபி இழுக்கும் கரண்டில் பாதிக்குச் சற்று மேல்தான் ஒலியாகும், மீதி சூடாகப் போய்விடும். டியில் 80 சதவீதத்துக்கு மேல் ஒலிக்கே போகும். நான்கு சேனலும் முழு வீச்சில் ஓடினால் ஏபி சுமார் 26 ஆம்பியர் இழுக்கும், டிக்கு 17, 18 போதும். சின்ன கார் ஆல்டர்னேட்டருக்கு, அதுவும் இரவு மழையில் ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும்போது, இது சின்ன வித்தியாசமில்லை.

ஏபியில்தான் பாட்டு இனிமை என்பவர்கள் இன்னும் உண்டு. பழைய டி கிளாஸை வூஃபருக்கு (பேஸ் ஸ்பீக்கருக்கு) மட்டும் வைத்த காலத்தில் அது சரி. இப்போது வரும் முழு அலைவரிசை டியை ஓடுகிற வண்டிக்குள் கண்ணை மூடிக் கேட்டுப் பிரித்துச் சொல்பவர் யாரோ, எனக்குத் தெரியாது! டிக்கு ஒரு குறை உண்டு: மலிவான சரக்கு என்றால் எஃப்எம் கேட்கும்போது இரைச்சல் வரும். வானொலிப் பிரியர்கள் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

என் ஓட்டு டிக்கே. காரணம் ஒலி அல்ல, இடம். ஏபி பெரிது, காற்றோட்டமும் வேண்டும், டிக்கியில்தான் உட்காரும். டி சீட்டுக்கடியில் அடங்கும். ஆனால் நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கொட்டும். ஈரக் கால்மிதி பக்கத்தில் தரையோடு வைக்காமல் ஒரு பலகை கொடுத்து உயர்த்தி மாட்டச் சொல்லுங்கள்.

பின்னால் வூஃபர் வைக்கும் எண்ணமிருந்தால், முன் கதவுகளுக்கு இரண்டு சேனல், மீதி இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, ஒரு 4 ஓம் வூஃபருக்குக் கொடுக்கலாம். 2 ஓம் வூஃபரைப் பிரிட்ஜில் போட்டால் பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் தாங்காது. அதிரும் பேஸ்தான் வேண்டுமென்றால் வூஃபருக்கென்றே தனி மோனோ (ஒரே சேனல்) ஆம்ப்ளிஃபயர் வாங்குவதே மேல்.

குளச்சல், முட்டம் பக்கத்துக்காரர்கள் ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் மிச்சம்பிடித்து வயரில் போடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயர் உப்புக்காற்றில் சீக்கிரம் அரித்துப்போகும். வெள்ளீயம் பூசிய முழுச் செம்பு வயர், 8 கேஜ் தடிமனில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ், பெயின்ட் சுரண்டிய இடத்தில் எர்த். இவை மூன்றையும் மாட்டும்போதே பக்கத்தில் நின்று பார்த்துவிடுங்கள், கார்ப்பெட்டை மூடிய பிறகு எதுவும் தெரியாது.