மகாராஜாவா, மெய்யழகனா?

இரண்டும் 2024 படங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால்?

கதை: மகாராஜாவில் குப்பைத்தொட்டியைக் காணோம் என்று சலூன்காரர் போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கிறார். மெய்யழகனில் தங்கை கல்யாணத்துக்கு ஊர் திரும்பும் அரவிந்த்சாமியை ‘அத்தான், அத்தான்’ என்று ஒருவர் சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் பெயரே இவருக்கு ஞாபகமில்லை. தெரிந்த மாதிரி சிரித்துச் சமாளிக்கிறார் பாருங்கள், நாமெல்லாம் செய்வதுதான்!

வேகம்: முன்னதில் காட்சிகள் முன்பின்னாக வரும், போனை எடுத்தால் நூல் அறுந்துவிடும். பின்னது ராத்திரி முழுக்கப் பேச்சு. வெளியான பிறகு சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள், சரிதான்.

குழந்தைகளோடு: மகாராஜா வேண்டவே வேண்டாம், பாலியல் வன்முறை இருக்கிறது.

தனியாக, விறுவிறுப்பாக வேண்டுமென்றால் மகாராஜா. அம்மா அப்பாவோடு என்றால் மெய்யழகன். அப்புறம் சொந்தக்காரர் யாருக்காவது போன் போடத் தோன்றும்.