கல்லூரி விக்கி மன்றத்துக்கு டாஷ்போர்டு: ஒரு பொறுப்பாசிரியரின் மதிப்பீடு

பள்ளியிலோ கல்லூரியிலோ விக்கிப்பீடியா மன்றம் தொடங்க விரும்புவோருக்கு அனுபவமுள்ள பங்களிப்பாளர்கள் பரிந்துரைக்கும் கருவிகளுள் முதன்மையானது, ‘புரோகிராம்ஸ் அண்டு ஈவென்ட்ஸ் டாஷ்போர்டு’ என்னும் இணையச் சேவை. இதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, விக்கிப்பீடியாவில் கணக்கு உள்ள எவரும் அதே கணக்கைக் கொண்டு உள்நுழையலாம். கல்லூரி மாணவர்களைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதவைக்கும் மன்றம் ஒன்றின் பொறுப்பாசிரியர் என்ற இடத்திலிருந்து இதை மதிப்பிடுகிறேன். ஒரே நாள் பயிலரங்கு நடத்துவோரின் தேவை வேறு. அவர்களுக்கு இதன் பாதி வசதிகள் தேவைப்படா.

பயன்படுத்தும் முறை எளிது. பொறுப்பாளர் ஒரு நிகழ்ச்சியை உருவாக்கி, தொடக்க நாளையும் முடிவு நாளையும் குறித்து, எந்த விக்கியைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், மாணவர்கள் சேர்வதற்கான இணைப்பு ஒன்று கிடைக்கும். அதன் வழியாகச் சேர்ந்தவர்கள் அந்த நாள்களுக்குள் செய்யும் தொகுப்புகள், அதாவது பக்கங்களில் செய்து சேமிக்கும் மாற்றங்கள், அனைத்தும் தாமாகவே வந்து சேரும். யார் எந்தக் கட்டுரையைத் தொடங்கினார், யார் எதை விரிவாக்கினார், விக்கிமீடியாவின் படக் கிடங்கான காமன்சில் எத்தனை படங்கள் ஏற்றப்பட்டன என்பனவெல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். விக்கிப்பீடியாவோடு, நூல்களைத் திரட்டும் தளமான விக்கிமூலத்தையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லலாம் என்பது தமிழ் மன்றங்களுக்குக் குறிப்பாக உதவும். கட்டுரை எழுதத் தயங்கும் மாணவர்கள், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்களை மெய்ப்புப் பார்ப்பதில் விரைவாகத் தேறிவிடுகிறார்கள்.

ஓர் ஆசிரியரின் பார்வையில் இதன் சிறந்த பகுதி, ஒவ்வொரு மாணவரும் செய்த மாற்றத்தைப் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டு அங்கேயே காட்டுவதுதான். ஐம்பது பேருடைய பங்களிப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலை இதனால் மிச்சமாகிறது. கட்டுரையை மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகியவர் யார், ஒரே மூச்சில் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியவர் யார் என்பதைத் தொகுப்புகளின் வரிசையே சொல்லிவிடும். தமிழில் நகலெடுப்பைக் கருவி தானாகப் பிடித்துக் கொடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு பத்தி முழுவதும் ஒரு பிழைகூட இல்லாமல், பாடநூல் நடையில், ஒரே தொகுப்பில் வந்து விழுந்திருந்தால் அதை ஆசிரியர்தான் எடுத்துத் தேட வேண்டும்.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்நிகழ்வு இருக்கிறது. 2011-இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை புனே நகரக் கல்லூரிகளில் இந்தியக் கல்வித் திட்டம் என்ற பெயரில், பாடத்தின் ஒரு பகுதியாக ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதும் முயற்சியைத் தொடங்கியது. மாணவர்கள் மிகப் பலர்; வழிகாட்ட நியமிக்கப்பட்டவர்களில் பலரும் விக்கிப்பீடியாவுக்கே புதியவர்கள். நூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்து ஒட்டப்பட்ட பத்திகளை நீக்குவதிலேயே ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் களைத்துப் போனார்கள். அதே ஆண்டில் திட்டமும் நிறுத்தப்பட்டது. எழுதுவோரின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி படித்துத் திருத்துவோரின் எண்ணிக்கை இல்லாமல் போனதே அங்கு நேர்ந்த கோளாறு. டாஷ்போர்டு அன்று இருந்திருந்தால் கோளாறு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்கும். ஆனாலும் படித்துத் திருத்துவோரை அது உருவாக்கித் தந்திருக்காது.

இனி எண்களுக்கு வருகிறேன், ஏனெனில் நிர்வாகம் கேட்பது அவற்றைத்தான். நிகழ்ச்சிப் பக்கத்தின் உச்சியில், தொடங்கப்பட்ட கட்டுரைகள், செய்யப்பட்ட தொகுப்புகள், சேர்க்கப்பட்ட சொற்கள், கட்டுரைப் பார்வைகள் என்று பெரிய எழுத்தில் ஒரு வரிசை நிற்கும். இவற்றில் பார்வை எண்ணிக்கைதான் மிகுந்த மயக்கம் தருவது. பலரும் படிக்கும் ஒரு கட்டுரையில் மாணவர் ஒருவர் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தியிருந்தாலும், அக்கட்டுரைக்கு அதன்பின் வரும் பார்வைகள் மன்றத்தின் கணக்கில் ஏறிவிடும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கு ஆவணம் சேர்க்கும் காலத்தில் இந்த எண்ணைப் பார்த்து மகிழாத கல்லூரி முதல்வர் இருக்க முடியாது. நேர்மையான ஆண்டறிக்கையில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து.

சொற்கணக்கிலும் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. விக்கிப்பீடியா தன் பக்கங்களின் நீளத்தை, கணினிச் சேமிப்பின் அலகான பைட் அளவில்தான் பதிவு செய்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளியும் துணைக்காலும் தனிக் குறியீடுகள். நாம் நான்கு எழுத்தாக எண்ணும் ‘மன்றம்’ என்ற சொல் பதினெட்டு பைட் எடுத்துக்கொள்கிறது. டாஷ்போர்டின் சொற்கணக்கு இந்த அளவிலிருந்து பெறப்படும் மதிப்பீடே என்பதால், அதை நம்பி மாணவர்களுக்கு மதிப்பெண் இடக் கூடாது. 2018-இல் இந்திய மொழிகளுக்கிடையே நடந்த வேங்கைத் திட்டப் போட்டியில், கட்டுரைக்குக் குறைந்தது 300 சொற்கள், 9,000 பைட் என்று இரண்டு அளவுகளையும் சேர்த்து விதித்திருந்தார்கள். மன்றத்துக்குள் போட்டி வைப்போர் சொற்களைத் தனியே எண்ணுவது நல்லது. அதைவிட, மேற்கோள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மேலும் நல்லது.

அளவைப் பெருக்குவதால் கலைக்களஞ்சியம் வளர்ந்துவிடாது என்பதைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் முன்பே பட்டு அறிந்தவர்கள். கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியபோது, கட்டுரைகளின் நீளம் கூடியது. நடையும் தலைப்புத் தேர்வும் தமிழ் வாசகருக்குப் பொருந்தவில்லை. இந்த அனுபவத்தைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்னும் உலக விக்கிப்பீடியர் மாநாட்டில் எடுத்துரைத்தார்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியதற்குப் பின்னால், அப்படி ஏற்றப்பட்டவற்றைத் திருத்தியும் நீக்கியும் உழைத்தவர்களின் நேரமும் அடங்கியிருக்கிறது. டாஷ்போர்டில் மின்னும் புதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

முதல் வகுப்பைக் கெடுக்கும் ஒரு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிமீடியா அனுமதிப்பதில்லை. கல்லூரி முழுவதும் ஒரே வைஃபை என்றால் ஏழாவது மாணவர் முன்னால் பிழைச்செய்திதான் நிற்கும். மாணவர்களை முந்தைய நாளே அவரவர் கைப்பேசி இணைப்பில் கணக்குத் தொடங்கிவரச் சொல்வது எளிய வழி. வரம்பைத் தளர்த்தும்படி முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. பயனர் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதால், மாணவர்கள் முழுப் பெயரையோ பதிவெண்ணையோ பயனர் பெயராக வைக்காதபடி பார்த்துக்கொள்வதும் பொறுப்பாசிரியரின் வேலை. தமிழ்த் தட்டச்சுக்கு வெளி மென்பொருள் தேவையில்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரண்டு தட்டச்சு முறைகளும் விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டியிலேயே இருக்கின்றன.

என் முதன்மையான மனக்குறை வேறு. இந்தக் கருவி ஒரு நல்ல வருகைப் பதிவேடு; வந்தவரைக் குறிக்கும், தங்கியவரைக் குறிக்காது. முடிவு நாள் கடந்ததும் கணக்கெடுப்பு நின்றுவிடுகிறது. சான்றிதழ் வாங்கிய பிறகும், தேர்வு விடுமுறையிலும், தன் ஊர்க் கண்மாயைப் பற்றியோ கோயில் கல்வெட்டைப் பற்றியோ எழுத ஒருவர் திரும்பி வருகிறாரா என்பதுதான் மன்றம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். புதியவர் எழுதிய கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் மூத்த பயனர் ஒருவர் ஒரு வரி பாராட்டியோ திருத்தியோ எழுதியிருந்தால், அந்தப் புதியவர் திரும்பி வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பதை வகுப்புக்கு வகுப்பு பார்க்கிறேன். அந்த ஒரு வரிக்கு நிகழ்ச்சிப் பக்கத்தின் எண்வரிசையில் இடமில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஐயம் கேட்ட மாணவரும் அங்கே தனித்துத் தெரிவதில்லை.

இதற்கு நான் கையாளும் வழி ஒன்று உண்டு. பருவம் முடிந்ததும் அதே மாணவர்களின் பயனர் பெயர்களைச் சேர்த்து, அடுத்த ஆறு மாதத்துக்கு இன்னொரு நிகழ்ச்சியை உருவாக்கி வைக்கிறேன். அதற்குப் பயிலரங்கும் இல்லை, பரிசும் இல்லை. அந்தப் பக்கத்தில் யாருடைய பெயருக்கு நேரே சுழியம் மாறுகிறதோ அவர்களையே அடுத்த ஆண்டு இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அழைக்கிறேன். முதல் நிகழ்ச்சியில் அதிகக் கட்டுரை எழுதியவர்களும் இந்தப் பட்டியலில் வருபவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆள்கள்.

வாரந்தோறும் மாணவர்களின் எழுத்தைப் படிக்க நேரம் ஒதுக்கக்கூடிய ஆசிரியர் ஒருவராவது உள்ள கல்லூரிக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அறிக்கைக்கு எண் தேடும் நிறுவனங்களுக்கும் இது எளிதில் கிடைத்துவிடுகிறது. அங்கே குவியும் வேலை தமிழ் விக்கிப்பீடியாவின் துப்புரவுப் பட்டியலில் போய்ச் சேரும். உருவாக்குநர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்: பிற எழுத்துமுறைகளுக்குச் சொற்களை உண்மையாகவே எண்ணும் வசதி வேண்டும், நிகழ்ச்சி முடிந்து மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் தொடர்ந்து தொகுப்போர் யார் என்பதைக் காட்டும் ஒரு கட்டம், பார்வை எண்ணிக்கை இப்போது இருக்கும் அதே உச்சி வரிசையில் வேண்டும்.